முதல் செங்கல்லுக்கு முன் ஒரு நாட்காட்டி

தண்ணீர்மலை, பினாங்கு
விசாக தினத்துக்கு மறுநாள்

அன்பு மருமகளுக்கு,

பெரிய மாமா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் நண்பர்கள் இருவரும் வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தீர்கள். பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டம். மேட்டில் அறுபது பேர் உட்காரும் தியான மண்டபம், மேற்கே திறந்தால் கடல். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாய். "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். உன் முகம் வாடியதைக் கவனித்தேன். உன் நண்பர்கள் எதிரில் பேசிக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் வாயை அடக்கிக்கொண்டேன். சொல்ல நிறைய இருக்கிறது. நிதானமாக எழுதினால்தான் சரியாக வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்திருப்பது நல்ல காரியம். வேலை, கடன், கைப்பேசி என்று அலைக்கழியும் பிள்ளைகள் பத்து நாள் வாய் மூடி உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நீ நினைத்தாயே, அந்த நினைப்புக்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆகவே இந்தக் கடிதத்தைத் தடை என்று எடுத்துக்கொள்ளாதே. நாற்பது வருடம் கட்டட மேற்பார்வை பார்த்தவன், பதினோரு வருடம் ஒரு தியான நிலையத்துக்குப் பொருளாளராக இருந்தவன், அந்த நிலையம் மூடப்பட்டதையும் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்.

அந்த நிலையத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அது அக்கரையில், பெருநிலத்தில் இருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். மண்டபம் கட்டப் பணம் கேட்டபோது வாரி வழங்கினார்கள். ஒருவர் தரைக்குச் சலவைக்கல் தந்தார், ஒருவர் கதவு, ஒருவர் புத்தர் சிலை. திறப்பு விழா அன்று முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். அடுத்த மாதம் மின்கட்டணம் வந்தபோது கணக்கில் இருந்த பணம் இரண்டு மாதத்துக்குக்கூடக் காணாது. கட்டுகிற மும்முரத்தில், நடத்துகிற செலவை நாங்கள் எழுதிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் வருடம் கூரை ஒழுகியது. சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் தள்ளிப்போனது. அவர் போன பிறகு முகாம் நடத்த முடியவில்லை. முகாம் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் தானம் நின்றது. கடைசியில் மண்டபத்தை வாடகைக்கு விட்டோம், பிறகு மூடினோம். கணக்குப் புத்தகம் என் கையில் இருந்தது. முதல் வருடமே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். நல்ல காரியம், தானாக நடக்கும் என்று நம்பி இருந்துவிட்டேன். அந்தத் தவறு உன் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது.

அதற்குப் பிறகுதான் நான் மற்ற நிலையங்களில் போய்ச் சமையல்கட்டில் வேலை செய்ய ஆரம்பித்தேன். ஒரு நிலையத்தில் கண்டதை உனக்குச் சொல்கிறேன். விடிகாலை நாலு மணி. முகாமில் தியானம் பழக வந்த யோகிகளை எழுப்ப மணி அடித்து ஓய்ந்திருந்தது. சமையல்கட்டில் ஒரே ஒரு குழல்விளக்கு. எழுபது வயது சீனத்து ஆன்ட்டி ஒருவர் மீஹூன் ஊறவைத்துவிட்டு, அரிசிப் பீப்பாய்க்கு மேலே சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தார். பலசரக்குக் கடைகளில் இனாமாகக் கொடுப்பார்களே, பெரிய பெரிய கட்டம் போட்ட நாட்காட்டி, அதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு பெயர். அன்றைய கட்டத்தில் ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது. இறந்துபோன தாயின் நினைவாக அன்றைய மதிய உணவு அவர்களுடையது. அடுத்த நாளும் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த இரண்டு கட்டங்கள் காலி. ஆன்ட்டி காலிக் கட்டத்தில் விரலை வைத்து, மேசையில் இருந்த தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். பொழுது விடிந்ததும் யாரையோ கூப்பிடப் போகிறார். பதினோரு மணிக்கு அந்தக் குடும்பம் வந்தது. தட்டுகளை இரண்டு கையாலும் ஏந்தி பிக்குவுக்குக் கொடுத்தார்கள், பிறகு யோகிகள் வரிசையில் நின்று பரிமாறிக்கொண்டார்கள். அந்த வீட்டுச் சின்னப் பையன் ஓர் ஓரத்தில் நின்று, தன் பாட்டியின் பெயரில் இத்தனை பேர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஐந்தொகை, வரவு செலவு எல்லாம் தெரிந்தவன் நான். ஒரு நிலையம் பிழைக்குமா பிழைக்காதா என்று தெரிந்துகொள்ள அந்த நாட்காட்டியை விட நேர்மையான கணக்கை நான் பார்த்ததில்லை.

உன்னிடம் நான் சொல்ல வந்ததும் அதுதான், அம்மாடி. கட்டடத்துக்குப் பணம் திரட்டுவதற்கு முன்னால், சோற்றுக்கு ஆளைத் திரட்டு. கட்டடத்துக்குத் தருகிறவர் ஒரு தடவை தருவார். சோற்றுக்குத் தருகிறவர் வருடந்தோறும் வருவார்.

கோவிலைப் போல இது நடக்காது என்பதை நன்றாக மனசில் வை. நம் தண்ணீர்மலை முருகனுக்குத் தைப்பூசம் இருக்கிறது. செட்டியார்களின் வெள்ளித்தேர் 1894-இலிருந்து ஊர் பார்க்க வருகிறது, தெரு முழுக்கத் தேங்காய் உடைகிறது, உண்டியல் நிறைகிறது. ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோவிலுக்கு நாள் முழுக்க ஜனம் ஏறுகிறது. கூட்டம் வந்தால் காசு வரும். தியான நிலையமோ கூட்டத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடம். மௌனம்தான் அதன் வேலை. அங்கே திருவிழா கிடையாது, அர்ச்சனைச் சீட்டு கிடையாது, கடைவரிசை கிடையாது. உள்ளே முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது ஊருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அதன் வருமானத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும்.

நீ அனுப்பிய கணக்கில் கட்டடச் செலவு மட்டும்தான் இருந்தது. 20 லட்சம் வெள்ளி என்று போட்டிருந்தாய். மற்றப் பாதியை நான் போட்டிருக்கிறேன், பார். முப்பது யோகி, ஒரு பிக்கு, நாலு உதவியாளர், ஆக 35 பேர். காலைப் பசியாறல், மதிய உணவு இரண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 12 வெள்ளி என்றால் ஒரு நாளைக்கு 420 வெள்ளி. எட்டுச் சீலம் எடுத்தவர்கள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை என்பதால் இரவுச் செலவு இல்லை. வருடத்தில் பத்து நாள் முகாம் பன்னிரண்டு, 120 நாள், 50,400 வெள்ளி. சமையலுக்கு ஒருவர், பராமரிப்புக்கு ஒருவர், சம்பளமும் சேமநிதியும் சேர்த்து ஆளுக்கு மாதம் 2,500 என்றால் வருடத்துக்கு 60,000. மின்சாரம், தண்ணீர், மற்றவை மாதம் 1,500 வீதம் 18,000. பழுதுபார்ப்புக்குக் கட்டடச் செலவில் நூற்றுக்கு இரண்டு ஒதுக்கு, அது 40,000. எல்லாம் கூட்டினால் 168,400 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 14,000.

இந்தத் தொகையைப் பார்த்து மலைத்துவிடாதே. மாதம் 50 வெள்ளி தருகிறவர்களாகப் பிரித்துப் பார். 281 பேர். அந்த 281 பேர் உங்களுக்கு இருக்கிறார்களா? இல்லையென்றால் அவர்களைத் தேடுவதுதான் உங்கள் முதல் இரண்டு வருட வேலை. ஆயிரம் வெள்ளி தரும் பதினாலு பேர் கிடைத்தாலும் கணக்கு நேராகும்தான், ஆனால் அவர்களில் மூன்று பேர் மனம் மாறினால் உலை ஏறாது. 281 பேரில் முப்பது பேர் விலகினாலும் அடுப்பு எரியும்.

சோற்றை முதலில் உறுதி செய்துகொள்வது என் மூளையில் உதித்த புத்தி இல்லை. நம் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே செப்பேட்டில் எழுதி வைத்தது. நம் வீட்டு மாடியிலிருந்து வானம் வெளுத்த நாளில் அக்கரையில் குனோங் ஜெராய் தெரியுமே, அந்தக் கெடாதான் கடாரம். அந்தக் கடாரத்தரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினான். ராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு எழுதிக் கொடுத்தான். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம், வருடத்துக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். எல்லை தெரிவதற்காகப் பெண் யானையை நடத்தி, அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். தகப்பன் கொடுத்ததை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். அந்த ஏடுகள் கடல் கடந்து ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

இதில் என்னை உலுக்கியது அடுத்து நடந்ததுதான். அதே ராஜேந்திரன் 1025-இல் கடாரத்தின் மேல் படை எடுத்தான். கட்டிக் கொடுத்த நாட்டுக்கும் நிலம் கொடுத்த நாட்டுக்கும் போர். ஆனாலும் விகாரம் அழியவில்லை. 1090-இல் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தப் பள்ளி நிலங்களின் வரிவிலக்கு மறுபடி ஏட்டில் ஏறியது. அரசர்கள் மாறினார்கள், நட்பு பகையானது, பகை நட்பானது. நெல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடாரத்தான் எழுப்பிய கட்டடத்தைக் காத்தது ஆனைமங்கலத்து நெல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு ராஜராஜன் கிடைக்க மாட்டான். அந்த 281 பேர்தான் உன் ஆனைமங்கலம்.

அடுத்து, சிறிதாக ஆரம்பி. அறுபது பேர் மண்டபம் இப்போது வேண்டாம். ரங்கூனில் ஊ பா கின் என்று ஒருவர் இருந்தார். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். பகலெல்லாம் அரசாங்கக் கணக்குப் பார்த்த இல்லறத்தார் அவர். 1952-இல் அவர் நிறுவிய தியான நிலையத்தில் ஒரு சிறிய பகோடா, அதைச் சுற்றி எட்டே எட்டுத் தியான அறைகள். மாண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரி கோயங்கா அவரிடம் பயின்று, 1969-இல் இந்தியாவுக்கு வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். இன்று சென்னை திருமுடிவாக்கத்திலும், நம் நாட்டில் பகாங் கம்பாங்கிலும் அந்த மரபில் நிலையங்கள் இருக்கின்றன. எட்டு அறையிலிருந்து கிளைத்த மரம் அது. நீங்கள் பன்னிரண்டு பேருக்கு ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வருடம் வாடகை வீட்டில் நடத்துங்கள். பன்னிரண்டு பேரைச் சண்டை சச்சரவில்லாமல், நேரத்துக்குச் சோறு போட்டு, பத்து நாள் வைத்திருக்கப் பழகிய குழு, முப்பது பேரை வைத்திருக்கும்.

அதற்கு முன்னால் உன் குழுவில் உள்ள நீங்கள் எட்டுப் பேரும் மற்ற இடங்களில் போய்ச் சேவை செய்யுங்கள். ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் மலேசிய பௌத்த தியான நிலையம் இருக்கிறது, மகாசி என்ற தியான முறை. பாலிக் புலாவிலேயே நிப்பிந்தா வன விகாரம் இருக்கிறது. தைப்பிங் பக்கம் சாசனாரக்கா என்ற பௌத்த நிலையம் இருக்கிறது. யோகியாகப் போனால் மனம் தெரியும். பாத்திரம் கழுவப் போனால்தான் நிலையம் தெரியும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன், இது என் தொழில். அந்தத் தோட்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. பினாங்கில் கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டர், அதாவது 250 அடியைத் தாண்டிய நிலமும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலக் கட்டுப்பாட்டுக்குள் வரும். நீ காட்டிய படத்தில் மேடு எத்தனை மீட்டர் என்று எழுதவில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்து உயரத்தையும் சரிவையும் எல்லையையும் அளந்து வாங்கு. சோழன் யானையை நடத்தியது அழகுக்காக இல்லை. பிறகு பட்டாவில் நிலத்தின் பயன்பாடு என்ன என்று பார். விவசாயம் என்று இருந்தால், நில அலுவலகத்தில் மாற்றி வாங்காமல் அங்கே தங்கும் விடுதி கட்ட முடியாது. அதற்குக் காலமும் பிடிக்கும், கட்டணமும் உண்டு. மாநகர் மன்றத்தின் திட்ட அனுமதி, தீயணைப்பு இலாகாவின் ஒப்புதல் எல்லாம் அதற்குப் பிறகு.

மண் ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு காசு குறைக்காதே. 2017 அக்டோபர் 21-ஆம் தேதி தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து பதினோரு பேர் புதைந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நவம்பர் புயல்மழையில் தீவே மிதந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நான் மேற்பார்த்த ஒவ்வொரு தடுப்புச் சுவரும் கண்முன் வந்து நின்றது. உயிர்களைக் கொல்லாதிருப்பது முதல் சீலம் என்கிறீர்களே, மலைச்சரிவில் கட்டுகிறவனுக்கு அந்தச் சீலம் மண் ஆய்வில் தொடங்குகிறது. நிலத்தை வெயில் காலத்தில் பார்த்து மயங்காதே. அக்டோபரில் ஒரு நாள், அடைமழை பெய்யும் சாயங்காலம் போய் நின்று, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்.

கட்டடத்தில் நான் கண்டறிந்தவை சில. மகாசி முறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மண்டபத்தை வரைகிறவர்கள் எல்லாரும் உட்காரும் இடத்தை வரைகிறார்கள், நடக்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். முப்பது பேர் உட்கார ஒரு கூடம் போதும். முப்பது பேர் ஆளுக்கு இருபது அடி நடக்க அதைவிடப் பெரிய இடம் வேண்டும், அதுவும் கூரை போட்டது, நம் ஊர் மழைக்கு. உன் வரைபடத்தில் மண்டபத்தின் பாதி அளவைக் குறைத்து, சுற்றிலும் அகலமான தாழ்வாரம் போடச் சொல்.

கூரைக்கு வெறும் தகடு போட்டால், மழை பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் கேட்காது. பிக்கு சொல்லும் விளக்கம் யாருக்கும் எட்டாது. அடியில் ஒலி அடக்கும் பஞ்சு வைக்க வேண்டும். கதவு அடித்துச் சாத்திக்கொள்ளும் சத்தம்தான் முகாமில் அதிகம் கோபம் வரவழைப்பது. ஒரு நிலையத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு நிலைச்சட்டத்திலும் ஆணி அடித்திருந்தார்கள். செலவே இல்லாத வேலை. பத்து நாளும் ஒரு கதவும் அடிக்கவில்லை. அடித்தவருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன். வயதானவர்கள் வருவார்கள், என்னைப் போல முட்டி தேய்ந்தவர்கள். படி இல்லாமல் சாய்தளம் வை, குளியலறையில் பிடிமானக் கம்பி வை. நாலு மணிக்கு முப்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருப்பார்கள். ஐந்து பேருக்கு ஒரு கழிவறையாவது இல்லையென்றால் காலைத் தியானம் வரிசையில்தான் நடக்கும்.

தண்ணீரை ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று கணக்கிட்டு, மூன்று நாளைக்குத் தொட்டி கட்டு. 35 பேருக்கு 21,000 லிட்டர். நம் தீவு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அக்கரைச் சுங்கை மூடா ஆற்றிலிருந்து கடலடிக் குழாயில் வருகிறது. 2024 ஜனவரியில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்தச் சமயத்தில் உன் நிலையத்தில் முகாம் நடந்திருந்தால் என்ன செய்வாய் என்று யோசித்துக்கொள்.

குத்தகையாளருக்குப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதே. வேலை முடிந்த அளவுக்கு அளந்து கொடு. நூற்றுக்கு ஐந்தைப் பிடித்து வைத்து, ஒரு மழைக்காலம் தாண்டி, ஒழுகாததைப் பார்த்துக் கொடு. வங்கிக் கடன் வாங்காதே. தவணை கட்டுவதற்காக முகாம் நடத்த ஆரம்பித்தால், ஆள் சேர்ப்பதே வேலையாகி, தியானம் பின்னால் போய்விடும். கையில் உள்ள பணம் சமையல்கட்டும் பத்து அறையும் கட்டக் காணும் என்றால் அதைக் கட்டு. அடுத்தது வந்தால் அடுத்தது. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் இரண்டு வருட நடைமுறைச் செலவு, 336,800 வெள்ளி, நிரந்தர வைப்பில் கிடக்க வேண்டும். அதைத் தொடுவதில்லை என்று குழுத் தீர்மானம் போடுங்கள்.

பணத்தைப் பற்றி இன்னும் சில வார்த்தை. போதனைக்கு விலை வைக்காதே. தர்மத்தை விற்கக் கூடாது என்பது பௌத்தத்தின் பழைய ஒழுங்கு. "தங்கும் செலவுக்கு மட்டும் ஐந்நூறு வெள்ளி" என்று போட்டால் என்ன என்று உன் நண்பர் கேட்டார். ஐந்நூறு வெள்ளி கட்டியவர் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அறையில் வெக்கை என்பார், சோறு ஆறிவிட்டது என்பார். அதில் தப்பில்லை, அவர் காசு கட்டியவர். யாரோ முகம் தெரியாதவர் தன் தாய் நினைவாகப் போட்ட சோறு இது என்று தெரிந்து உட்காருகிறவர் வேறு மாதிரி உட்காருவார். கோயங்கா மரபில் ஒரு பத்து நாள் முகாமை முழுதாக முடித்தவரிடம் மட்டும்தான் தானம் வாங்குகிறார்கள். புதிதாக வருகிறவர் பணம் தருகிறேன் என்றாலும் வாங்குவதில்லை. பயன் பெற்றவர் அடுத்தவருக்காகத் தருகிறார். அந்த ஒழுங்கு பல நாடுகளில் நிலையங்களை நடத்துகிறது. அதை நீயும் பின்பற்றலாம். எண்ணிக்கை மெதுவாகத்தான் கூடும், ஆனால் விழாது.

நம்மிடமும் வழி இருக்கிறது. பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்த நாட்டுக்கோட்டையார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை அறத்துக்கு முதலிலேயே எடுத்து வைத்தார்கள். மிஞ்சினால் கொடுப்போம் என்று இருந்திருந்தால் தண்ணீர்மலைக் கோவில் 1857-இலிருந்து நின்றிருக்காது. உன் நண்பர்களில் கடை வைத்திருப்பவர் இருவர் என்றாய். அவர்களிடம் மொத்தமாக ஒரு தொகை கேட்காதே. மாதாமாதம் ஒரு மகமை கேள். மாத வருமானக்காரர்களிடம் நிரந்தர வங்கி உத்தரவு கேள்.

தானம் கொடுப்பவர் பெயரைக் கல்லில் வெட்டாதே. கல்லில் பெயர் வேண்டும் என்றே தருகிறவர் மண்டபத்துக்குத்தான் தருவார், சாக்கடை அடைப்பு எடுக்கத் தர மாட்டார். நாட்காட்டிக் கட்டத்தில் பென்சிலால் எழுதும் பெயர் போதும்.

எட்டுப் பேர் நண்பர்கள்தான், இருந்தாலும் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். சங்கப் பதிவிலாகாவில் பதியுங்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து அறுபது நாளைக்குள் அறிக்கை போக வேண்டும்; இதில் சோம்பி, பதிவு இழந்த சங்கங்கள் நம் ஊரில் நிறைய. நிலம் எந்தக் காலத்திலும் தனி ஒருவர் பெயரில் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி. நல்லவருக்கும் மரணம் உண்டு, வாரிசு உண்டு. வருமான வரி வாரியத்தில் 44(6) பிரிவின் கீழ் அனுமதி கேட்டு வாங்குங்கள். தானம் தருகிறவர்கள் வரிக் கழிவு பெறலாம். அதற்குத் தணிக்கை செய்த கணக்கு வேண்டும், வேண்டாவிட்டாலும் அதை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். காசோலையில் இரண்டு கையெழுத்து, ஒரே குடும்பத்தார் இருவர் கூடாது. மாதக் கணக்கைச் சமையல்கட்டு வாசலில் ஒட்டு. விநயப்படி பிக்கு பணத்தைத் தொடுவதில்லை. அவர் தொடாத ஒவ்வொரு காசும் உங்கள் கையில் நம்பி விடப்பட்டது. உங்கள் கணக்கில் ஒரு கறை பட்டால் அவர் சீலத்தின் மேல் ஊர் பேசும்.

கடைசியாக ஒன்று. உன் அம்மா என்னிடம் அழுதாள், "நம்ம சாமியை விட்டுட்டாளா அண்ணே" என்று. நீ யாரையும் விடவில்லை என்று சொன்னேன். மணிமேகலை நம் பிள்ளைதான், நாகப்பட்டினம் நம் ஊர்தான் என்றேன். அவள் கையிலிருந்த அமுதசுரபியும் பசித்தவருக்குச் சோறு போட்ட பாத்திரம்தானே. அக்கரைச் செபராங் பிறையில் 1834-இல் ஒரு கல் கண்டெடுத்தார்கள். தூபி செதுக்கி, பயணம் நலமாக முடிய வேண்டும் என்று புத்தகுப்தன் என்ற கடலோடி ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் வைத்த கல். நம் கடல்களில் போய்வந்தவர்களோடு சேர்ந்தே வந்த நெறி இது. ஒரு வேண்டுகோள் மட்டும்: வருடத்தில் இரண்டு முகாமாவது தமிழில் நடத்து. ஆங்கிலமும் சீனமும் தெரியாத நம் தோட்டப்புறத்துப் பிள்ளைக்கும் மனசு இருக்கிறது, அதில் பாரம் இருக்கிறது. தன் மொழியில் ஒருவர் "மூச்சைக் கவனி" என்று சொன்னால் அவன் கவனிப்பான். அவனுக்கும் அந்தச் சோறு இலவசமாக இருக்க வேண்டும்.

இத்துடன் 420 வெள்ளிக்குக் காசோலை வைத்திருக்கிறேன். நிலத்துக்கோ செங்கல்லுக்கோ இதை எடுக்காதே. கடையில் ஒரு பெரிய கட்டம் போட்ட நாட்காட்டி வாங்கி, உங்கள் வாடகை வீட்டுச் சமையல்கட்டில் மாட்டு. பிப்ரவரி 11, உன் அத்தை போன நாள். அந்தக் கட்டத்தில் அவள் பெயரைப் பென்சிலால் எழுது. அன்றைக்கு முகாம் இருக்கும்படி பார்த்துக்கொள். பதினோரு மணிக்கு நான் வந்து பரிமாறுகிறேன், பிறகு பாத்திரமும் கழுவித் தருகிறேன். உயிரோடு இருக்கும் வரை அந்தக் கட்டம் என்னுடையது. மீதி 119 கட்டங்களுக்கு நீ ஆள் பிடி. அவை நிறைந்த அன்று வரைபடத்தை எடுத்துக்கொண்டு வா, மண்டபம் எங்கே நிற்க வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

உன் நலம் நாடும்,
பெரிய மாமா